முதுகுக்கு எடுத்த ஸ்கேன் போதாதா?

கேள்வி: எனக்கு வயது 31. மூன்று வருடமாக இடுப்பு வலி. கர்ப்பமாவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் வலி வந்து எழுப்பிவிடும். எழுந்து நடமாட ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் தேவலை. சில வாரம் வலது பிட்டத்தில் வலிக்கும், சில வாரம் இடது பக்கம். சுமார் இரண்டு வருடத்துக்கு முன்பு முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, "எல்4-எல்5 டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது" என்று பெல்ட் போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுத்தால் வலி கூடத்தான் செய்கிறது. இப்போது குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். புதிதாகப் பார்த்த மருத்துவர் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனை செய்தார். பி27 மரபணு பாசிட்டிவ், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. நார்மல். மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். ஏற்கெனவே எடுத்தாயிற்றே, திரும்ப எதற்கு? இதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமா?

பதில்: ஒரே ஸ்கேனுக்கு இரண்டாவது தடவை படுக்கச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் சகோதரி, உங்கள் மருத்துவர் கேட்பது அதே ஸ்கேன் இல்லை. முன்பு எடுத்தது முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக்கு. இப்போது கேட்பது, நான் ஊகிப்பது சரியென்றால், அதற்கும் கீழே இருக்கும் எஸ்.ஐ. மூட்டுகளுக்கு. பரிசோதனைச் சீட்டை எடுத்து ஒரு தடவை பாருங்கள். அதில் "சாக்ரோ இலியாக்" என்றோ "எஸ்.ஐ. ஜாயின்ட்" என்றோ எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "முதுகெலும்பு எம்.ஆர்.ஐ." என்று இருந்தால் மருத்துவரிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். இந்த ஒரு வரிக் குழப்பத்தால் தவறான இடத்தைப் படமெடுத்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர்.

முதுகுத்தண்டின் அடியில் முக்கோண வடிவில் ஒரு எலும்பு இருக்கிறது. அது இரண்டு பக்கமும் இடுப்பெலும்போடு சேரும் இடம்தான் எஸ்.ஐ. மூட்டு. முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வாதம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். மேலே முதுகெலும்புக்கு ஏறுவது அதற்கப்புறம். ஆக்ஸியல் ஸ்பாண்டைலோ ஆர்த்ரைட்டிஸ் என்று நாங்கள் அழைப்பது இந்த நோயைத்தான். எக்ஸ்ரேயிலேயே பளிச்சென்று தெரியும் அளவுக்குப் போய்விட்ட நிலைக்குத்தான் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற பழைய பெயர்.

முதுகுக்கு வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு கேள்விக்காக வடிவமைக்கப்பட்டது. டிஸ்க் எப்படி இருக்கிறது, நரம்பு அழுந்துகிறதா என்று அது பார்க்கும். எஸ்.ஐ. மூட்டு அந்தப் படத்தின் ஓரத்தில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அல்லது படத்திலேயே வராது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போன மாதிரிதான் இது.

டிஸ்க் பிதுக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாத முப்பது வயதுக்காரர்களைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால் பத்தில் நான்கு பேருக்கு எங்கேயாவது ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கும். அதனால் ரிப்போர்ட்டில் டிஸ்க் என்று வந்துவிட்டாலே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். இந்த நோயில் வலி தொடங்கியதிலிருந்து சரியான பெயர் கிடைப்பதற்குள் சராசரியாக ஆறேழு ஆண்டுகள் ஓடிவிடுவதற்கு இப்படிப்பட்ட "டிஸ்க்" ரிப்போர்ட்டுகளும் ஒரு காரணம்.

எந்த ஸ்கேனையும் விட உங்கள் கடிதம் எனக்கு அதிகம் சொல்கிறது. வலி 45 வயதுக்கு முன்பு, மெதுவாகத் தொடங்கியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருக்கிறது. இரவின் பின்பாதியில் எழுப்புகிறது. நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது. பிட்டத்தில் பக்கம் மாறி மாறி வருகிறது. டிஸ்க் வலி பொதுவாக இதற்கு நேர்மாறு: குனிந்து நிமிர்ந்தால் கூடும், படுத்தால் அடங்கும். பக்கம் மாறும் பிட்ட வலியை நான் தனியாகக் குறித்துக்கொள்வேன், ஏனென்றால் எஸ்.ஐ. மூட்டு வலிக்கும் இடம் அதுதான். சாதாரண முதுகு வலிக்காரர்களிலும் சிலருக்கு இந்த அடையாளங்களில் இரண்டு மூன்று இருக்கும் என்பதால் இதை வைத்து மட்டும் நோய் என்று சொல்லிவிட மாட்டேன். தேட வேண்டியது எங்கே என்பதை மட்டும் இது தெளிவாகக் காட்டுகிறது.

சரி, எம்.ஆர்.ஐ. என்ன காட்டும்? எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைக் காட்டும். மூட்டின் ஓரம் அரித்துப் போயிருக்கிறதா, இறுகியிருக்கிறதா, இரண்டு எலும்பும் ஒட்டிக்கொண்டுவிட்டதா என்பதெல்லாம் தெரியும். ஆனால் உருவம் மாறுவதற்கே வருடக்கணக்கில் ஆகும். இந்த நோயை உறுதிசெய்ய 1984-இல் வகுத்த நியூயார்க் அளவுகோல் எக்ஸ்ரே மாற்றத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. அதனால் வலியோடு வந்த எத்தனையோ இளைஞர்களை "எக்ஸ்ரே நார்மல்" என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ. பார்ப்பது எலும்புக்குள் இருக்கும் நீரையும் கொழுப்பையும். அழற்சி இருக்கும் இடத்தில் எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். உருவம் மாறுவதற்கு வெகு முன்பே இது தெரிந்துவிடும். 2009-இல் ஆசாஸ் என்ற சர்வதேச வல்லுநர் குழு வெளியிட்ட அளவுகோலில் எக்ஸ்ரேக்குச் சமமாக எம்.ஆர்.ஐ.க்கும் இடம் கிடைத்தது இதனால்தான்.

இதற்கு இரண்டு வகைப் படங்கள் அவசியம். ஒன்று டி1: இதில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், மூட்டின் விளிம்பு துல்லியமாக வரும், அரிப்பு இருந்தால் பிடிபடும். இன்னொன்று ஸ்டிர்: இது கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிடும். ஆரோக்கியமான மஜ்ஜை கறுத்துப்போகும். நீர் கோத்த இடம் மட்டும் மூட்டை ஒட்டி வெள்ளையாக ஒளிரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டிரில் வெள்ளை என்றால் இப்போது ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. டி1-இல் மூட்டோரம் வெள்ளைத் திட்டாக இருந்தால் முன்பு அழற்சி வந்து ஆறி, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கலாம். வெட்டுக்கோணமும் முக்கியம். அந்த முக்கோண எலும்பு சாய்ந்து இருப்பதால் படத்தையும் அதே சாய்வில் எடுத்தால்தான் மூட்டு முழு நீளத்துக்குத் தெரியும். வழக்கமான முதுகு ஸ்கேனில் இந்தக் கோணம் கிடையாது.

படத்தில் சில இடங்களைப் பளிச்சென்று காட்டுவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி இதற்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஸ்டிர் படமே போதும். வேறு ஏதாவது சந்தேகத்துக்காகப் போட்டாலும், அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல். தாய்ப்பாலில் இறங்கும் அளவு மிக மிகக் குறைவு. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் கிடையாது.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் யோசிப்பது குழந்தையின் வயதைப் பற்றித்தான். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இடுப்பின் தசைநார்கள் தளர்ந்து, எஸ்.ஐ. மூட்டின் மேல் வழக்கத்தை மீறிய பாரம் விழுகிறது. அதனால் எந்த வாதமும் இல்லாத தாய்மார்களுக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் மூட்டை ஒட்டி நீர் கோத்திருக்கும். ஸ்டிரில் பார்த்தால் அழற்சி போலவே வெள்ளையாகத் தெரியும். பலருக்கு மாதங்கள் போகப் போக இது வடிந்துவிடும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் மிச்சம் இருக்கும். ஆசாஸ் வகுத்த "பாசிட்டிவ்" அளவை, அதாவது அடுத்தடுத்த இரண்டு வெட்டுப் படங்களில் அதே இடத்தில் நீர்க்கோப்பு அல்லது ஒரே படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நீர்க்கோப்பு என்பதை, நோயே இல்லாத தாய்மார்களும் எட்டிவிடுகிறார்கள். நீண்ட தூரம் ஓடுபவர்கள், கடும் பயிற்சி எடுக்கும் ராணுவ வீரர்கள் ஆகியோரிடமும் இதே கதைதான்.

அப்படியானால் ஸ்கேனே வீணா என்று கேட்பீர்கள். இல்லை. பாரத்தால் வரும் நீர்க்கோப்பு பெரும்பாலும் மூட்டின் முன்பக்கமாக, ஆழம் குறைவாக நிற்கும். வாதத்தின் நீர்க்கோப்பு ஆழமாக இறங்கும். முக்கியமாக, துணைக்கு ஆள் வைத்திருக்கும். டி1 படத்தில் விளிம்பு அரித்திருக்கும், கொழுப்புத் திட்டு இருக்கும். அரிப்பு இருந்தால் பிரசவத்தின் மேல் பழி போடுவது கடினம். வெறும் வெள்ளை மட்டும் இருந்து அரிப்பு எதுவும் இல்லையென்றால், ஐந்து மாதக் குழந்தையின் தாயிடம் அதை நோய் என்று நான் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் எழுதுபவருக்கு நீங்கள் பிரசவித்தவர் என்பதே தெரியாமல் போனால் "எஸ்.ஐ. மூட்டு அழற்சி" என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. அதனால் சீட்டில் பிரசவத் தேதி இருக்கட்டும். வலி கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கியது, பி27 பாசிட்டிவ் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் எழுத மறந்தால் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பழைய ஸ்கேனைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? ரிப்போர்ட் தாளைவிட அதன் படங்கள், சி.டி.யோ ஃபிலிமோ, முக்கியம். அது கர்ப்பத்துக்கு முன் எடுத்தது. அதில் ஸ்டிர் படம் இருந்து, ஓரத்தில் எஸ்.ஐ. மூட்டின் மேல்நுனி கொஞ்சம் வந்திருந்து, அங்கே வெள்ளை தெரிந்தால், அதைப் பிரசவக் கணக்கில் எழுத முடியாது. முதுகெலும்புக் கட்டைகளின் மூலைகளிலும் இதே வெள்ளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை மட்டும் தேடிய கண்ணுக்கு இந்த மூலைகள் தப்பிப்போவது சகஜம். புதிய ஸ்கேனுக்கு முன்பு இந்தப் பழைய படங்களை இன்னொரு தடவை படிப்பதுதான் எனக்கு முதல் வேலை. இதற்கு உங்களை மறுபடி மெஷினில் படுக்க வைக்க வேண்டியதில்லை.

முழு முதுகெலும்புக்கும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள், சில மருத்துவர்களும் எழுதுவார்கள். இந்த நோய் முதுகெலும்பில் விட்டுச் செல்லும் தடயங்கள் எனக்குப் பிடித்தமானவை என்பதால் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்கிறேன். கட்டை எலும்பின் முன்மூலையிலோ பின்மூலையிலோ, தசைநார் ஒட்டும் இடத்தில், சின்ன முக்கோணமாக வெள்ளை தெரியும். நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் இதை அதிகம் பார்க்கலாம். விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் குட்டி மூட்டுகளிலும் அழற்சி வரும். பக்கவாட்டில் கடைசி வரை வெட்டுப் படம் எடுத்தால்தான் அது பிடிபடும், நடுவில் மட்டும் எடுத்தால் தவறிவிடும். இவ்வளவு இருந்தும், நோயைக் கண்டுபிடிக்க முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று ஐரோப்பிய வாத நோய் அமைப்பான யூலார் 2015-இல் சொன்னது. எனக்கும் அதே கருத்துதான். எஸ்.ஐ. மூட்டு சுத்தமாக இருந்து முதுகெலும்பில் மட்டும் நோய் இருப்பவர்கள் குறைவு. மறுபுறம், ஒன்றிரண்டு மூலைகளில் வெள்ளை என்பது டிஸ்க் தேய்மானத்திலும் வரும், ஆரோக்கியமானவர்களிடமும் வரும். தேடப் போய் இல்லாத நோயைக் கொண்டுவந்துவிடுவோம். எஸ்.ஐ. மூட்டுப் படம் இரண்டும்கெட்டானாக வந்தாலோ, வலி முக்கியமாக மேல்முதுகிலோ விலாவிலோ இருந்தாலோ முதுகெலும்பையும் பார்க்கலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

பி27 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது உங்களை உறுத்திக்கொண்டிருக்கும். இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள உறவு 1973-இல் தெரியவந்தது. அதை வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க இந்த நோய் வருவதில்லை. ஆகவே அது தனியாக ஒரு தீர்ப்பு இல்லை. உங்களைப் போன்ற வலிக்கதையோடு சேரும்போதுதான் அதற்குக் கனம் வருகிறது. சி.ஆர்.பி. நார்மல் என்பதில் ஆறுதல் அடையவும் வேண்டாம், குழம்பவும் வேண்டாம். இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு அது நார்மலாகவே இருக்கும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இருக்கும் வாய்ப்பு குறையும், பூஜ்யமாகிவிடாது. அழற்சி ஏறி இறங்கும் தன்மையுடையது. படம் எடுத்த நாளில் அடங்கியிருக்கலாம். வலிமாத்திரை தொடர்ந்து சாப்பிட்டாலும் நீர்க்கோப்பு மங்கித் தெரியலாம். ஆசாஸ் அளவுகோலிலேயே இதற்கு இரண்டாவது வழி வைத்திருக்கிறார்கள்: பி27 பாசிட்டிவாக இருந்து, அதோடு நோயின் வேறு இரண்டு அடையாளங்கள் இருந்தாலும் இந்த நோய் வகைக்குள் சேர்க்கலாம். அழற்சி மாதிரியான முதுகு வலி அதில் ஒரு அடையாளம். வலிமாத்திரைக்கு நன்றாகக் கேட்பது, குதிகால் வலி, சொரியாசிஸ், யூவியைட்டிஸ் என்ற கண் அழற்சி, குடல் அழற்சி நோய், நெருங்கிய உறவில் யாருக்காவது இதே நோய் என்பவையும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இவற்றில் ஏதாவது இருந்ததா என்று வீட்டில் விசாரித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆனாலும் அந்த அளவுகோல் ஆராய்ச்சிக்காக நோயாளிகளை ஒரே வகையில் சேர்ப்பதற்கு உருவானது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நோய் இருக்கிறதா என்பதைக் கூட்டல் கணக்கில் முடிவு செய்ய முடியாது.

நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் பழைய படங்களைத் திரும்பப் படிப்பது. அப்புறம் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே; மூன்று வருட வலி என்பதால் அதிலேயே ஏதாவது தெரிந்துவிட்டால் எம்.ஆர்.ஐ.க்கு அவசியமே இல்லாமல் போகலாம். இரண்டிலும் விடை கிடைக்காமல், வலி சமாளிக்கிற அளவில் இருந்தால், எஸ்.ஐ. மூட்டு எம்.ஆர்.ஐ.யைக் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தள்ளிப்போடுவேன். அப்போது கிடைக்கும் படத்தை நம்புவது எளிது. வலி தாங்க முடியாமல், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி போன்ற பெரிய மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டம் வந்தால் காத்திருக்க மாட்டேன். உடனே எடுத்து, அரிப்பைத் தேடிப் படிக்கச் சொல்வேன். உங்களை நேரில் பரிசோதித்தவர் உங்கள் மருத்துவர். அவர் இப்போதே எடுக்கச் சொல்வதற்கு நான் அறியாத காரணம் இருக்கலாம், கேளுங்கள்.

படம் எப்போது எடுத்தாலும் சிகிச்சை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். ஓய்வு இந்த வலிக்கு மருந்தில்லை. தினசரி நடையும் முதுகை நீட்டி மடக்கும் பயிற்சிகளும்தான் மருந்து. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அழற்சி குறைக்கும் வலிமாத்திரைகளில் தாய்ப்பால் கொடுக்கும்போது ஒத்துப்போவதும் உண்டு, இபுப்ரோஃபென் அப்படிப்பட்டது. எந்த அளவில், எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஒரு வேளை போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று விட்டுவிடாமல், அவர் சொன்ன நாட்கள் வரை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பாருங்கள். அதற்கு வலி எவ்வளவு அடங்கியது என்பதும் எங்களுக்கு ஒரு தடயம். ஸ்கேனுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று சொன்னால் போதும்.

ஸ்கேன் அன்றைக்கு அரை மணி நேரம் போல அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும். உங்களுக்குச் சிரமமே அதுதான். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் தாங்கும். சத்தம் அதிகம் என்பதால் காதடைப்பான் தருவார்கள். உடம்பில் பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் விழுந்த உலோகத் துகள் எதுவும் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொள்வார்கள். காப்பர்-டி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், பெரும்பாலும் தடையாக இருக்காது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் அந்த அரை மணி நேரம் நிம்மதியாகக் கழியும்.

இவ்வளவு நிதானமாகப் பேசுவது உங்கள் வலி இப்போதுள்ளபடியே இருக்கும்வரைதான். காய்ச்சலோடு ஒரே பக்கம் பிட்டத்தில் கடும் வலி வந்து காலை ஊன்றவே முடியாமல் போனால், பிரசவத்துக்குப் பின் எஸ்.ஐ. மூட்டில் கிருமித்தொற்று வருவதும் உண்டு என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடுவது பற்றி நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. கால் பலவீனமாவது, சிறுநீர் தெரியாமல் போவது, அந்தரங்கப் பகுதி மரத்துப்போவது ஆகியவையும் அப்படியே. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பி27 பாசிட்டிவ் என்ற அந்த ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.